வானொலி அலையும் அணுக்கருவின் பரிவும்

வானொலிப் பெட்டியின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இரைச்சலுக்கிடையே மறைந்திருக்கும் ஒரு நிலையத்தைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் மலைநாட்டுத் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்து வந்தது. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும், தேயிலைச் சரிவுகளை அடுத்த லயங்களில், மாலைப் பொழுதில் ஒரு காம்பராவில் ஒலிக்கும் பெட்டியைச் சூழ்ந்து அயலவர் பலரும் அமர்ந்திருப்பர். திருகு உரிய இடத்துக்கு வந்ததும் இரைச்சல் ஒடுங்கிக் குரல் தெளியும். முள் ஒரு மயிரிழை விலகினும் குரல் மறையும். அங்கு நிகழ்வது யாது? ஒரே வேளையில் எண்ணிறந்த அலைகள் வானில் உலவுகின்றன. பெட்டியினுள் இருக்கும் மின்சுற்று தனக்கென ஓர் அதிர்வு வேகம் உடையது. அவ்வேகத்தை ஒத்த அலை வரும்போது மட்டுமே அது இணங்கி அதிர்கின்றது. ஏனைய அலைகளை அது பொருட்படுத்துவதில்லை.

ஒரு விநாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை மீடிறன் என்றும், ஒத்த மீடிறனுடைய இரண்டினுள் ஒன்று அதிர மற்றதும் இணங்கி அதிர்வதைப் பரிவு என்றும் இலங்கையின் தமிழ் விஞ்ஞான நூல்கள் வழங்குகின்றன. பரிவு என்பது அழகிய சொல். ஒருவர் துயருற மற்றொருவர் உள்ளம் நெகிழ்வதையும் தமிழ் அச்சொல்லாலேயே குறிக்கின்றது. வானொலி அலைக்கு இவ்வாறு பரிந்து விடையளிப்பவை வானொலிப் பெட்டிகள் மாத்திரமல்ல. நீரிலும், தேயிலைக் கொழுந்திலும், மனிதனுடைய குருதியிலும் மூளையிலும் அடங்கியுள்ள அணுக்களின் கருக்களும் அவ்வாறே விடையளிக்கின்றன. அந்த விடையைக் கேட்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு இருபதாம் நூற்றாண்டின் பெருமைகளுள் ஒன்றாகும். அவ்வரலாற்றில் பெங்களூரிலும் பம்பாயிலும் இருந்து உழைத்தவர்களுக்கும் பங்குண்டு என்பது பலரும் அறியாத செய்தி.

அணுவின் நடுவே இருப்பது கரு. ஐதரசன் அணுவின் கரு புரோத்தன் என்னும் ஒரே துணிக்கையால் ஆனது. புரோத்தன் ஒரு நுண்ணிய காந்தம். அதனோடு சுழற்சி என்னும் இயல்பும் அதற்கு உண்டு. இச்சுழற்சி பந்து சுழல்வது போன்றதன்று என்று பௌதிகவியலார் எச்சரிப்பர். எனினும், அதன் போக்கை விளங்கிக்கொள்ளப் பம்பரத்தினும் சிறந்த உவமை இல்லை. சாய்ந்து சுழலும் பம்பரம் உடனே வீழ்ந்துவிடுவதில்லை. அதன் தலை மெல்ல வட்டமிடுகின்றது. அதனை வட்டமிடச் செய்வது பூமியின் ஈர்ப்பு. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட புரோத்தனும் அவ்வாறே புலத்தின் திசையைச் சுற்றி வட்டமிடுகின்றது. புலம் வலுப்பெற, வட்டமிடும் வேகமும் அதே விகிதத்தில் உயரும். இவ்வுறவை 1897 ஆம் ஆண்டளவில் வகுத்துக் காட்டியவர் சேர் ஜோசப் லார்மர் என்னும் அயர்லாந்து அறிஞர். 1 தெஸ்லா அளவுள்ள புலத்தில் புரோத்தன் விநாடிக்கு ஏறத்தாழ 4 கோடியே 26 இலட்சம் தடவை வட்டமிடும். இம்மீடிறன் வானொலி அலைகளின் எல்லைக்குள் அமைந்தது. அணுக்கருவோடு பேச விரும்பிய மனிதனுக்கு வானொலியே மொழியாக வாய்த்தமைக்குக் காரணம் இதுவே.

இம்மொழியில் முதன்முதற் பேச முயன்றவர் தோல்வியுற்றார். ஒல்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர் என்னும் பௌதிகவியலார் 1936 ஆம் ஆண்டிலும் மீண்டும் 1942 ஆம் ஆண்டிலும், திண்மப் பொருள்களில் உள்ள கருக்களின் பரிவைக் கண்டறிய முற்பட்டார், ஒன்றும் தென்படவில்லை. அமெரிக்காவில் இசிடோர் ரபி என்பார் வெற்றிடத்தில் பாய்ந்து செல்லும் மூலக்கூற்றுக் கற்றைகளில் அப்பரிவை 1938 ஆம் ஆண்டில் கண்டு, 1944 ஆம் ஆண்டின் நொபெல் பரிசைப் பெற்றார். ஆயினும், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு கட்டி மெழுகிலோ ஒரு கிண்ணம் நீரிலோ அதனைக் காண்பது கைகூடாமலே இருந்தது.

அதனைக் கைகூடச் செய்தது, விந்தையாக, ஒரு பெரும் போர். இரண்டாம் உலகப் போரில் பகை விமானங்களை இருளிலும் மேகத்திலும் கண்டறிவதற்காக ரேடார் என்னும் கருவி உருவாயிற்று. குறுகிய வானொலித் துடிப்புகளை வெளியே அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைப் பிடிக்கும் கலையில் நூற்றுக்கணக்கான இளம் விஞ்ஞானிகள் தேர்ச்சி பெற்றனர். போர் ஓய்ந்ததும் அவர்கள் தத்தம் ஆய்வுகூடங்களுக்கு மீண்டனர். கைத்திறன் போரிற் பெற்றது, நோக்கமோ சமாதானத்துக்குரியதாயிற்று. இலங்கை வானொலியின் வரலாற்றிலும் இதற்கு நிகரானதோர் நிகழ்ச்சி உண்டு. போர்க்காலத்தில் தென்கிழக்கு ஆசியப் படைக் கட்டளைப் பீடம் படைவீரர்களுக்கென நடத்திய ஒலிபரப்பு நிலையத்தின் கருவிகளே, 1949 ஆம் ஆண்டில் இலங்கை வானொலிக்கு வாய்த்தன. படைக்கெனப் பிறந்த அலை பாட்டுக்கும் பேச்சுக்கும் பயன்பட்டது.

1945 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 15 ஆம் நாள், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பேர்சல், ஹென்றி டொரி, ரொபர்ட் பவுண்ட் ஆகிய மூவரும், பரபின் மெழுகிலுள்ள புரோத்தன்கள் விநாடிக்கு ஏறத்தாழ 3 கோடி அதிர்வுள்ள வானொலி அலைக்குப் பரிந்ததைக் கண்டனர். சில வாரங்களின் பின், 1946 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பெலிக்ஸ் புளொக், வில்லியம் ஹான்சன், மார்ட்டின் பக்கார்ட் என்போர் நீரில் அதே விளைவைக் கண்டனர். அவர்கள் பயன்படுத்திய மீடிறன் ஏறத்தாழ 77 இலட்சம்; அதாவது, சிற்றலை வானொலியில் 41 மீற்றர்ப் பட்டை என்று நேயர்கள் அறிந்திருந்த பகுதிக்கு அண்மையிலுள்ளது. ஒருவரை ஒருவர் அறியாது ஒரே உண்மையை எய்திய இரு குழுக்களின் தலைவர்களான பேர்சலும் புளொக்கும் 1952 ஆம் ஆண்டில் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி, வானொலி அலை அணுக்கருவை என்ன செய்கின்றது என்பதைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும்.

காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட புரோத்தன்கள் யாவும் புலத்தின் பக்கமே சாய்ந்துவிடுவதில்லை. வெப்பத்தால் உண்டாகும் ஓயாத அலைச்சல் அவற்றைக் கலைத்துக்கொண்டே இருக்கின்றது. இன்றைய மருத்துவமனைக் கருவிகளிற் பெரும்பாலும் காணப்படும் 1.5 தெஸ்லாப் புலத்திலும்கூட, பத்து இலட்சம் புரோத்தன்களை எடுத்துக்கொண்டால், புலத்தின் பக்கம் நிற்போர் எதிர்ப்பக்கம் நிற்போரைவிட ஏறத்தாழ ஐந்து பேரே மிகுதி. இந்த அற்பப் பெரும்பான்மைதான் கருவிக்குக் கேட்கும் குரல். ஆயினும், ஒரு கரண்டி நீரில் உள்ள புரோத்தன்களோ எண்ணில் அடங்காதவை. ஆதலின் அந்தச் சிறு மிகுதி அனைத்தும் ஒன்றுகூடி, புலத்தின் திசையை நோக்கிய ஓர் ஊசிக் காந்தம் போல அமைகின்றது.

இந்த ஊசியைச் சாய்க்க வேண்டும். அதனை ஈர்த்து நிற்பது வலிய பெருங்காந்தம். சாய்க்க வருவதோ அதனினும் பல்லாயிர மடங்கு மெலிந்த வானொலி அலை. வலியதை மெலியது வெல்வது எங்ஙனம்? ஊஞ்சலில் இருக்கும் பெரிய ஆளை ஒரு சிறுமி அசைத்துவிடுவதைக் காணாதார் இல்லை. ஒரே தள்ளில் அவளால் அவரை உயர்த்த இயலாது. ஊஞ்சல் வரும் தருணம் அறிந்து, ஒவ்வொரு முறையும் சிறிது தள்ளுகின்றாள்; தள்ளல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. தருணம் தப்பினால் ஒரு தள்ளல் மற்றொன்றை அழித்துவிடும். புரோத்தன் வட்டமிடும் மீடிறனும் வானொலி அலையின் மீடிறனும் ஒன்றாயிருக்கும்போது மட்டுமே அலையின் சிறு தள்ளல்கள் சேர்கின்றன.

இதனை வேறொரு வகையாகவும் எண்ணிப் பார்க்கலாம். திருவிழாவில் சுழலும் குடைராட்டினத்தை வெளியில் நின்று பார்ப்பவனுக்கு அதில் உள்ளோர் விரைந்து சுற்றுவதாகத் தோன்றும். அதே இராட்டினத்தில் ஏறி அமர்ந்தவனுக்கோ அவர்கள் தன்னெதிரே அசையாதிருப்பதாகத் தோன்றும். புரோத்தனோடு கூடவே சுற்றும் வானொலிப் புலம் புரோத்தனின் நோக்கில் நிலையாக நிற்கும் ஒரு காந்தமாகின்றது. அந்நோக்கில் பெருங்காந்தத்தின் ஆதிக்கம் மறைந்துபோகின்றது. எஞ்சி நிற்கும் மெலிந்த புலத்தைச் சுற்றியே ஊசி சாயத் தொடங்குகின்றது. எவ்வளவு சாயும் என்பது இரண்டைப் பொறுத்தது: அலையின் வலிமை ஒன்று, அது நீடிக்கும் காலம் மற்றொன்று. உரிய நேரத்தில் அலையை நிறுத்தினால் ஊசி செங்கோணமாகச் சாய்ந்து நிற்கும். அதனைப் போல் இரு மடங்கு நேரம் விட்டால் ஊசி முற்றாகத் தலைகீழாகும். இரசாயன ஆய்வுக் கருவிகளில் இந்நேரம் ஒரு விநாடியின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவேயாகும். இங்ஙனம் அளந்து விடப்படும் அலையையே துடிப்பு என்கின்றனர்.

துடிப்பு நின்ற பின் நிகழ்வதே முக்கியமானது. சாய்ந்த ஊசி வட்டமிடுகின்றது. வட்டமிடும் காந்தத்தின் அருகே கம்பிச் சுருள் இருந்தால் அச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும். மஸ்கெலியாவுக்கு அப்பால் இலக்சபானவில் நீர்விசையால் காந்தம் சுழன்று, அதனைச் சூழ்ந்த சுருள்களில் மின்சாரம் பிறப்பதும் இதே நியதியால்தான். அந்த நிலையம் மின் உற்பத்தியைத் தொடங்கிய 1950 ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் எர்வின் ஹான் என்னும் இளைஞர், துடிப்பின்பின் அணுக்கருக்கள் தாமாகவே எழுப்பும் குரலை வெளிப்படுத்தினார். கருவி வாய் மூடிய பின் அணுக்கரு பேசியது. போர்க்காலத்தில் கடற்படையில் ரேடார் பயிற்றும் ஆசிரியராக இருந்தவர் அவர். அனுப்பிவிட்டுக் காத்திருந்து கேட்கும் ரேடாரின் இயல்பு அவருடைய பரிசோதனையிலும் விளங்கியது.

அக்குரல் விரைவில் தேய்ந்து மறைகின்றது. காந்தப்புலம் எங்கும் ஒரே சீராக இராமையால் சில புரோத்தன்கள் விரைந்தும் சில தாமதித்தும் வட்டமிடுகின்றன; ஒற்றுமை குலைகின்றது. ஆனால் ஹான் ஒரு துடிப்பின்பின் சற்றுப் பொறுத்து இன்னொரு துடிப்பை அனுப்பியபோது, எவரும் எதிர்பாராத வண்ணம், மறைந்த குரல் மீண்டும் எழுந்து அடங்கியது. இதனை அவர் சுழற்சி எதிரொலி என்றார். தோட்டத்து வாழ்க்கையிலிருந்தே இதற்கு உவமை காட்டலாம். விடியற்காலையில் தப்பு ஒலித்ததும் பிரட்டுக்களத்தில் கூடியவர்கள் ஒரே நேரத்தில் மலைப்பாதையில் புறப்படுகின்றனர் என்று கொள்க. இளையோர் முந்துவர், முதியோர் பிந்துவர், கூட்டம் கலைந்து நீளும். அவ்வேளையில், எல்லோரும் நின்ற இடத்திலிருந்தே திரும்புக என்று ஓர் ஒலி எழுந்தால், அதிக தூரம் சென்றவர் அதிக தூரம் திரும்ப வேண்டும். குறைந்த தூரம் சென்றவர் குறைந்த தூரமே திரும்ப வேண்டும். தத்தம் நடையை மாற்றாதிருப்பாராயின், அனைவரும் ஒரே கணத்தில் களத்தை வந்தடைவர். கலைந்து போயிற்று என்று கருதப்பட்ட ஒழுங்கு உள்ளே அழியாமல் இருந்தமை அப்போது வெளிப்படும். இரண்டாவது துடிப்பு செய்வது இதுவே. ஊசியை முற்றாகக் கவிழ்க்கும் துடிப்பால் இவ்வெதிரொலியைத் திரும்பத் திரும்ப எழுப்பும் முறையை 1954 ஆம் ஆண்டில் கார், பேர்சல் ஆகிய இருவரும் செம்மை செய்தனர்.

சாய்ந்த ஊசி ஒருநாளும் சாய்ந்தே இருப்பதில்லை. அலையிலிருந்து பெற்ற சக்தியைச் சூழலுக்குக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கு மீள அதற்குக் காலம் வேண்டும். தூய நீரில் அதற்குச் சில விநாடிகள் செல்லும். கொழுப்பில் விநாடியின் ஒரு சிறு பகுதியே போதும். அதற்கு ஓய்வு கொடாமல் அலையைத் தொடர்ந்து செலுத்தினால், இரு பக்கத்தினரின் எண்ணிக்கையும் சமமாகி, குரல் அடங்கிவிடும். ஓயாது வேலை வாங்கப்பட்டவர் ஓய்ந்துபோவது போன்றது இது. மிகத் தூய பளிங்குகளில் இந்த ஓய்வு மிக நீண்டது. கோர்ட்டரின் பரிசோதனை பயன் தராமைக்கு இதுவே காரணம் எனப் பின்னையோர் கருதினர்.

இந்த இடத்தில்தான் பெங்களூர் வரலாற்றிற் புகுகின்றது. அங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய ஜி. சூர்யன் என்பார், ஓய்வின்றிக் குரலடங்கிய நீரைக் குழாய் வழியே ஓடவிட்டால் என்ன நிகழும் என்று ஆராய்ந்தார். நீர் ஓடத் தொடங்கியதும் அடங்கிய குரல் உயர்ந்தது. காரணம் எளிது. களைத்த கருக்கள் சுருளைவிட்டு அப்பாற் செல்ல, ஓய்வு பெற்ற புதிய கருக்கள் அவ்விடத்தை நிரப்பின. ஓட்டம் விரைய, புதியவற்றின் தொகையும் மிகுந்தது. ஆகவே, குழாயைத் திறவாமலும் நீரைத் தொடாமலும், அதன் ஓட்டத்தைக் குரலின் உயர்வால் அறியலாயிற்று. இவ்வாய்வு 1951 ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞான அக்கடமியின் நடவடிக்கைகளில் வெளியாயிற்று. ஓடும் திரவங்களின் கருப் பரிவு பற்றிய முதல் ஆய்வாக அது போற்றப்படுகின்றது. எட்டு ஆண்டுகளின் பின், 1959 இல், சிங்கர் என்னும் அமெரிக்கர் எலியின் வாலில் ஓடும் குருதியின் வேகத்தைக் காந்தப் பரிவால் அளந்தார். இன்று மருந்து எதனையும் நாளத்திற் செலுத்தாமலே மூளையின் குருதிக் குழாய்களைப் படமெடுக்கும் முறை ஒன்று உண்டு. சுற்றியுள்ள இழையங்கள் ஓய்வின்றிக் குரலடங்க, புதிதாகப் பாய்ந்து வரும் குருதி மட்டும் ஒளிர்வதே அதன் சூட்சுமம். பெங்களூர்க் குழாயில் ஓடிய நீர் எடுத்துரைத்த உண்மைதான் அது.

அதே 1951 ஆம் ஆண்டில் இன்னொரு பெரிய செய்தியும் வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஆர்னல்ட், தர்மட்டி, பக்கார்ட் ஆகிய மூவரும் மதுசாரத்தை ஆராய்ந்தபோது, அதிலுள்ள புரோத்தன்கள் ஒரே குரலில் பேசாமல் மூன்று வெவ்வேறு குரல்களிற் பேசக் கண்டனர். மதுசார மூலக்கூற்றின் ஒரு பகுதியில் மூன்று ஐதரசன்களும், மற்றொன்றில் இரண்டும், பிறிதொன்றில் ஒன்றும் உள்ளன. குரல்களின் அளவும் மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விகிதத்தில் அமைந்தது. ஒவ்வொரு புரோத்தனையும் சூழ்ந்துள்ள இலத்திரன்கள் வெளிப்புலத்தைச் சிறிது மறைப்பதால் இவ்வேறுபாடு உண்டாகின்றது. ஆதலின், மூலக்கூற்றின் உள்ளமைப்பை அழிக்காமலே அறிவதற்கு ஒரு வாயில் திறந்தது. மூவருள் ஒருவரான எஸ். எஸ். தர்மட்டி பின்னர் தாயகம் திரும்பி, பம்பாயிலுள்ள தாத்தா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறைக்கு வேரூன்றினார். அந்நிலையத்திலிருந்து இத்துறை இந்தியாவில் வளர்ந்தது.

ஆனால் குரல்களைத் தனித்தனியே கேட்பது சலிப்பூட்டும் வேலையாயிருந்தது. வானொலித் திருகை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை மெல்லத் திருப்புவது போல, மீடிறன்களை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. நேரத்திற் பெரும்பகுதி வெற்றிடங்களைத் தேடுவதிலேயே கழிந்தது. இதற்குத் தீர்வு கண்டவர்கள் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஏர்ன்ஸ்ட், அமெரிக்கரான வெஸ்டன் அண்டர்சன் என்னும் இருவர். சந்தையில் மண்குடம் வாங்குவோர் அதனை விரலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பர். அத்தட்டு மிகக் குறுகியது. ஆதலால் அதில் எல்லா மீடிறன்களும் கலந்திருக்கும். குடம் தனக்குரியவற்றை மட்டும் தெரிந்தெடுத்து ஒலிக்கும். கேட்பவர் நொடியில் அதன் தரத்தை அறிவர். அதுபோலவே, குறுகிய வலிய துடிப்பொன்றால் கருக்கள் அனைத்தையும் ஒருசேரத் தட்டி, எழும் கலவையொலியைப் பதிந்து, பிரெஞ்சுக் கணித மேதை போரியேயின் முறையால் கணிப்பொறி கொண்டு பிரித்தறிதல் அவர்கள் கண்ட வழி. இவ்வாய்வை வெளியிட அறிவியல் ஏடொன்று இருமுறை மறுத்தது; 1966 ஆம் ஆண்டில் வேறோர் ஏட்டில் அது வெளிவந்தது. ஏர்ன்ஸ்ட் 1991 ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றார்.

தேயிலை நாட்டுக்கு இவ்வாராய்ச்சியோடு தொடர்பு இல்லையோ எனின், உண்டு. பறித்த கொழுந்து பச்சை நிறம். வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து, உலர்த்திய பின் கிடைக்கும் தேயிலையோ செந்நிறச் சாயம் தருவது. கொழுந்திலுள்ள நிறமற்ற பொருள்கள் காற்றின் ஒட்சிசனோடு கூடிப் புதுப் பொருள்களாவதே இம்மாற்றம். அவற்றுள் சாயத்துக்கு ஒளியும் சுறுசுறுப்பான சுவையும் தருவது தியோபிளேவின். உலர்ந்த தேயிலையின் எடையில் அது நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்களவே இருப்பினும், ஏலத்தில் விலையைத் தீர்மானிக்கும் சுவைஞரின் நாவுக்கு அதுவே பெரிது. தோட்டத் தொழிலாளரின் உழைப்புக்கு உலகச் சந்தை தரும் மதிப்பு இந்தச் சிறு பொருளில் தங்கியிருக்கின்றது எனல் மிகையன்று. 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்றவை இம்மாற்றத்தை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளன. தியோபிளேவினின் மூலக்கூற்று அமைப்பு 1960களின் நடுப்பகுதியில் யப்பானியரான தக்கினோவும் அவருடன் பணிபுரிந்தோரும் செய்த ஆய்வால் தெளிவாயிற்று. ஏழு அணு வளையம் ஒன்று ஆறு அணு வளையத்தோடு ஒட்டியிருக்கும் அதன் அரிய அமைப்பை உறுதிப்படுத்துவதில் காந்தப் பரிவும் துணைநின்றது. உயர்நிலத் தேயிலைக்கும் தாழ்நிலத் தேயிலைக்கும் சுவை வேறு என்பதை மலைநாட்டார் நெடுநாள் அறிவர். 2011 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் சிலர் நான்கு வெவ்வேறு உயரங்களில் விளைந்த தேயிலைகளை இதே புரோத்தன் குரலால் ஆராய்ந்து, உயரத்தின் வேறுபாட்டை அதில் தேடினர். சாயத்துக்குக் கருமை தரும் தியாறுபிஜின் என்னும் கூட்டத்தின் அமைப்போ இன்றும் முற்றாக விடுவிக்கப்படாத புதிராகவே உள்ளது.

குரலைக் கேட்டாயிற்று, குரல் எழும் இடத்தை அறிவது எவ்வாறு? காந்தப்புலத்தை ஒரு பக்கம் சற்று மிகுத்து மறு பக்கம் சற்றுக் குறைத்தால், இடத்துக்கு இடம் மீடிறன் மாறும். மீடிறனைக் கொண்டே இடத்தை அறியலாம் என்று 1973 ஆம் ஆண்டில் போல் லௌட்டபர் காட்டினார். நீர் நிறைந்த இரு சிறு குழாய்களின் மங்கலான உருவமே அவர் வெளியிட்ட முதற்படம். இங்கிலாந்தில் பீட்டர் மான்ஸ்பீல்டும் அவ்வழியில் உழைத்தார். இருவரும் 2003 ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றனர். துடிப்புகளையும் புலச் சாய்வுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குசெய்து, போரியே முறையால் முழுப் படத்தையும் கட்டியெழுப்பும் வழியை 1975 ஆம் ஆண்டில் அனில் குமார், வெல்ட்டி, ஏர்ன்ஸ்ட் என்னும் மூவர் சூரிச் நகரிலிருந்து வெளியிட்டனர். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளிற் பயன்படும் முறைகள் பெரும்பாலும் அவ்வழியின் வழித்தோன்றல்களே. மூவருள் முதற்பெயருக்குரிய அனில் குமார், சூர்யன் பணியாற்றிய அதே பெங்களூர்க் கழகத்தில் பின்னர் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கினார்.

தோட்ட மருந்தகத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும், அங்கிருந்து பெரிய நகரத்துக்கும் அனுப்பப்பட்டு, இக்கருவியின் குகை போன்ற வாயில்முன் நிற்கும் நோயாளிக்கு இவ்வரலாறு தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்குத் தெரிவது அச்சம். அணு என்ற சொல் குண்டையும் கதிர்வீச்சையும் நினைவூட்டுவதால், அச்சொல்லே 1980களில் இம்முறையின் பெயரிலிருந்து மேலை நாடுகளில் நீக்கப்பட்டது. அச்சொல்லைப் பற்றிய அச்சம் ஆதாரமற்றது. இங்கே கருக்கள் பிளக்கப்படுவதில்லை. சற்றே சாய்ந்து, மீண்டும் தம் நிலைக்கு வருகின்றன. எக்ஸ் கதிரின் ஒரு துளிச் சக்தியோடு ஒப்பிட, இவ்வானொலி அலையின் ஒரு துளிச் சக்தி பல்லாயிரம் கோடி மடங்கு சிறியது. உள்ளே கேட்கும் பேரிடிப்பு, புலச் சாய்வை மாற்றும் சுருள்கள் காந்தத்தினுள் அதிர்வதால் எழும் ஓசையே; அதனால்தான் காதுகளை மூடிக்கொள்ளச் சொல்கின்றனர்.

அஞ்ச வேண்டியது வேறொன்று உண்டு. அக்காந்தம் பூமியின் காந்தப்புலத்தினும் முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வலியது. படம் எடுக்காத வேளையிலும் அது ஓய்வதில்லை. தாலிக் கொடியில் ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பது பெண்களின் பழக்கம். பொன் காந்தத்தால் இழுக்கப்படாது. ஆனால் உருக்கினாலான ஊக்கு அம்பு போற் பாயக்கூடியது. உலோக வளையங்களில் வானொலித் துடிப்பு வெப்பத்தையும் உண்டாக்கலாம். ஆகையால், தாலியையும் வளையலையும் கழற்றச் சொல்லும் பணியாளர் மரியாதைக் குறைவாக நடப்பவரல்லர்; உயிரைக் காப்பவர். இதயத்துக்கு மின்கருவி பொருத்தியவர்களும், உடலில் உலோகத் துண்டு உள்ளவர்களும் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காரணம் கூறப்பட்டால் தயக்கம் நீங்கும். கூறப்படாத கட்டளை மனத்தைப் புண்படுத்தும். அறிவு எல்லோருக்கும் உரியதாக வேண்டும் என்பதன் பொருள் இதுவன்றோ!

ஒரு கட்டி மெழுகு, ஒரு கிண்ணம் நீர், ஒரு குழாயில் ஓடிய திரவம் ஆகிய எளிய பொருள்களிலிருந்தே இப்பெருங்கலை வளர்ந்தது. அதற்குத் துணைநின்றோர் எவரும் மருத்துவமனைக் கருவியை மனத்திற்கொண்டு தொடங்கியவரல்லர். அணுக்கரு என்ன சொல்கின்றது என்று கேட்க விரும்பியவர்களே. துடிப்பை அனுப்பத் தெரிந்ததோடு, அனுப்பிய பின் மௌனமாகக் காத்திருக்கவும், களைத்ததற்கு ஓய்வு கொடுக்கவும், கலைந்ததை மீண்டும் கூட்டவும் அவர்கள் கற்றனர். மலைமுகட்டைக் கடந்து லயத்துப் பெட்டியில் பாட்டாகி ஒலித்த அதே இனத்து அலை, இன்று அம்மலைநாட்டுத் தாயொருத்தியின் நோய் எங்கே மறைந்திருக்கின்றது என்று மெல்லக் கேட்டறிகின்றது. பரிவு என்னும் சொல்லின் இரு பொருள்களும் அவ்விடத்தில் ஒன்றாகின்றன.